வண்டில வெளிய ஃபிட்டிங் போடப் போறீங்களா? வாரண்டிய காப்பாத்திக்க முதல்ல இதப் பாருங்க

ஒரு ஹாரனுக்காக 23 நாள் வண்டி இல்லாம அலைஞ்சவன் எழுதுறேன்.

புது வண்டி, எட்டாவது மாசம். இன்டிகேட்டர் தானா அடிக்க ஆரம்பிச்சுது, சென்ட்ரல் லாக் போட்டா மூணு கதவு பூட்டும் ஒண்ணு மட்டும் திறந்துக்கும். வாரண்டி இருக்கேன்னு தெம்பா சர்வீஸ் சென்டர் போனேன். ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற பேனல கழட்டினதும் முதல்ல தெரிஞ்சது நான் வெளிய போட்ட ஹாரனோட ஒயர்தான், கருப்பு டேப் சுத்தி, அந்த டேப்போட பசை சூட்டுல இளகி பிசுபிசுன்னு வழிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. அட்வைசர் ஒரு போட்டோ எடுத்தாரு, "வெளிய வேலை பாத்திருக்கீங்க, இனிமே வாரண்டி வராது சார்"னு சொல்லிட்டு அடுத்த ஆள பாக்கப் போயிட்டாரு. போயிருந்தது பாடி கன்ட்ரோல் மாட்யூல், அதாவது லைட்டு, லாக்கு, இன்டிகேட்டர் எல்லாத்தையும் பாத்துக்கிற பெட்டி. மொத்த செலவும் என் தலையிலன்னு எஸ்டிமேட் வந்துச்சு.

கடைசில என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன். அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டத வரிசையா எழுதுறேன், நீங்களாவது நிம்மதியா இருங்க.

1. "வாரண்டி போச்சு"ங்கிற வார்த்தைய முதல்ல பிரிச்சுப் பாருங்க

வண்டிக்கு ஒரே ஒரு வாரண்டின்னு நினைச்சுட்டு இருந்தேன், கிடையாது. பொதுவா வண்டிக்குன்னு ஒரு வாரண்டி, இன்ஜின் கியர்பாக்ஸுக்குத் தனியா ஒண்ணு, துருவுக்கு ஒண்ணு, பேட்டரி எலக்ட்ரிக் வண்டியா இருந்தா அந்தப் பெரிய பேட்டரிக்கு ஒண்ணு, டயருக்கு பெரும்பாலும் டயர் கம்பெனியே தர்றது. ஒவ்வொண்ணுக்கும் வருஷமும் கிலோமீட்டரும் வேற வேற. எது முதல்ல முடியுதோ அதோட கதை முடிஞ்சுது.

நீங்க ஒரு ஸ்பீக்கர் மாத்தினா இன்ஜின் வாரண்டி போகாது, போகக்கூடாது. கம்பெனி மறுக்கணும்னா நீங்க போட்ட சாமான்னாலயோ, போட்ட விதத்தாலயோதான் இந்த பார்ட் கெட்டுச்சுன்னு ஒரு தொடர்பு காட்டணும். நிறைய வாரண்டி புத்தகத்துலயே "மாற்றத்தால் ஏற்பட்ட பழுது"ன்னுதான் எழுதியிருக்கும். கவுன்டர்ல இருக்கிறவர் வாயில வரும்போது அது "மாற்றம் செஞ்சா எல்லாம் போச்சு"ன்னு ஆயிடுது.

அதனால வேலை நம்பர் ஒண்ணு, டாஷ்போர்டு டிராயர்ல பாலித்தீன் கவரோட கிடக்கிற அந்தப் புத்தகத்த எடுத்து "எதற்கெல்லாம் வாரண்டி பொருந்தாது"ங்கிற பக்கத்த மட்டுமாவது படிங்க. ரெண்டு மூணு பக்கம்தான் இருக்கும். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் மாதிரி தேயுற சாமானுக்கு, தேய்மானம்னு போனா பொதுவா வராது, அதுக்கும் நீங்க போட்ட ஃபிட்டிங்குக்கும் சம்பந்தம் இல்ல. எக்ஸ்டெண்டட் வாரண்டி தனியா வாங்கியிருந்தீங்கன்னா அதோட தாள தனியாப் படிங்க, சில சமயம் அத நடத்துறது வண்டி கம்பெனியே கிடையாது, வேற கம்பெனி, அவங்க ரூல் இன்னும் கறாரா இருக்கும்.

2. நீங்க போடப் போறது எந்த ரகம்னு பாருங்க

எல்லா ஃபிட்டிங்கும் ஒண்ணு இல்ல. நான் பிரிக்கிற கணக்கு ரொம்ப சிம்பிள்: ஒயர வெட்டுதா, இன்ஜின் மூளையத் தொடுதா, சக்கரத்தோட அளவ மாத்துதா, பாடில ஓட்டை போடுதா? நாலுக்கும் இல்லைன்னா பெருசா பயப்பட வேண்டாம். மேட்டு, போன் ஹோல்டர், 12 வோல்ட் சாக்கெட்ல சொருகுற டேஷ்கேம், இதுக்கெல்லாம் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. சீட் கவர் மட்டும் கொஞ்சம் கவனிங்க, சீட்டு ஓரத்துலேர்ந்து விரியுற ஏர்பேக் இருக்கிற வண்டில சாதாரண கவர் போட்டா அது ஏர்பேக்க விரிய விடாம மறிக்கும். இது வாரண்டிய விடப் பெரிய விஷயம்.

ஒயரிங்: அதிகமா மாட்டுறது இதுலதான், நானும் இதுலதான் மாட்டினேன். ஒரு கணக்கு சொல்றேன். ஹெச்4 ஹெட்லைட் பல்பு கம்பெனில வரும்போது 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55). வெளிச்சம் பத்தலன்னு கடைல 100/90 வாட் போடுவாங்க. 12 வோல்ட்ல 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும், 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர். ஒயர்ல ஏறுற சூடு கரன்ட்டோட வர்க்கத்துல ஏறும், அதாவது அதே ஒயர்ல கிட்டத்தட்ட 2.8 மடங்கு சூடு. பல்பு நல்லாத்தான் எரியும், பின்னாடி இருக்கிற கப்ளர் (ஒயர சொருகுற பிளாஸ்டிக் முனை) பழுப்பாகி உருகும், ஆறு மாசம் கழிச்சு ஸ்விட்ச் போகும், அப்ப நீங்க வாரண்டின்னு போய் நின்னா அந்த உருகின கப்ளரே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லும். போட்டே ஆகணும்னா ஃபியூஸும் ரிலேவும் வச்ச தனி ஒயரிங் செட் வாங்கி பேட்டரிலேர்ந்து நேரா இழுங்க. அதுலயும் உங்க ஊர் ரூல் அந்த வாட்டேஜ அனுமதிக்குதான்னு பாத்துட்டு.

ரீமேப்: ஈசியூல, அதாவது இன்ஜின் மூளைல, சாஃப்ட்வேர் மாத்தி பவர் ஏத்துறது. இதுல உள்ள பெரிய பொறியே "சர்வீஸுக்கு முன்னாடி ஸ்டாக் ஃபைல (கம்பெனில வந்த பழைய சாஃப்ட்வேர) திரும்ப ஏத்திடுங்க, கண்டுபிடிக்க முடியாது"ன்னு சொல்வாங்க பாருங்க, அதுதான். நிறைய ஈசியூல எத்தனை தடவை எழுதப்பட்டுச்சுன்னு கணக்கு வச்சிருக்கும், நீங்க பழைய ஃபைல ஏத்தினா அந்த எண்ணு இன்னும் ஒண்ணு கூடும், அவ்வளவுதான். அதுபோக சாஃப்ட்வேரோட கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண் இருக்கு, வண்டில சொருகிப் பழுது பாக்குற சாதாரண ஓபிடி ஸ்கேனர்லயே படிக்கலாம். ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டிகள்ல ரீமேப் தெரிஞ்சா டிடி1னு ஒரு குறியீடு அந்த வண்டியோட ரெக்கார்டுல ஏறிடும், அதுக்கப்புறம் இன்ஜின் கியர்பாக்ஸ் சம்பந்தமா எதுக்குப் போனாலும் அந்தக் குறி முன்னாடி வந்து நிக்கும். டர்போ போனாலோ கிளட்ச் வழுக்கினாலோ தொடர்பு காட்டுறது அவங்களுக்குக் கஷ்டமே இல்ல. என் கருத்து, வாரண்டி ஓடுற வரைக்கும் ரீமேப் பக்கம் போகாதீங்க. போறீங்கன்னா இன்ஜினுக்கு வாரண்டியே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு, அந்தச் செலவுக்குக் காசு ஒதுக்கி வச்சுட்டுப் போங்க.

டயரு, அலாய்: இங்க தேவை ஒரு சின்னக் கணக்கு. 185/65 ஆர்15 டயரோட மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர் (185 மில்லிமீட்டர் அகலத்துல 65 சதவீதம் 120.25, அது மேல கீழ ரெண்டு தடவை, கூட 15 இஞ்ச் ரிம் 381). அதுக்குப் பதிலா 195/55 ஆர்16 போட்டா 620.9, கிட்டத்தட்ட அதே அளவு, பிரச்சனை கம்மி. ஆனா "தடியா இருக்கும் கெத்தா இருக்கும்"னு 205/65 ஆர்15 போட்டா 647.5, நாலு சதவீதத்துக்கு மேல பெருசு. ஸ்பீடோமீட்டர் குறைச்சுக் காட்டும், கிலோமீட்டரும் குறைச்சு ஓடும், ஏபிஎஸ் சென்சருக்குக் கணக்கு குழம்பலாம். ரிம்மு வெளிய தள்ளி நிக்கிற மாதிரி போட்டா வீல் பேரிங்குல லோடு ஏறும், பேரிங் சத்தம் போட்டா க்ளெய்ம் கிடைக்காது. ஸ்பிரிங் வெட்டி வண்டிய இறக்கினா ஷாக், ஸ்ட்ரட், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டு எல்லாம் அதே கதைதான்.

ஏர் ஃபில்டர், சைலன்சர்: எண்ணெய் தடவுற ரக ஃபில்டர்ல எண்ணெய் கூடிப்போச்சுன்னா அது காத்தோட போய் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர்ல (இன்ஜினுக்குள்ள போற காத்த அளக்குறது) படியும், செக் இன்ஜின் லைட் வரும், அந்த சென்சருக்கு வாரண்டி கேட்டா சிரிப்பாங்க. புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர கழட்டுறது வாரண்டி விஷயத்தத் தாண்டிப் பல நாட்டுல சட்ட விஷயம், அதப் பத்தி நான் பேசவே போறதில்ல.

ஓட்டை போடுறது: சன்ரூஃப் வெட்டுறது, ரூஃப் கேரியருக்கு துளை போடுறது, துரு தடுப்புன்னு கதவுல ஓட்டை போட்டு மருந்து அடிக்கிறது. கடைசியா சொன்னதுதான் வேடிக்கை, துரு வராம இருக்க அடிச்ச மருந்து தண்ணி வடியுற துவாரத்த அடைச்சு, உள்ள தண்ணி நின்னு, துரு வாரண்டியையே காலி பண்ணிடும்.

எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரே வரி: ஆரஞ்சு கலர் கேபிள் (பெரிய பேட்டரியோட ஹை வோல்டேஜ் ஓடுறது) பக்கம் யாரையும் கை வைக்க விடாதீங்க. ஆம்ப்ளிஃபையர் மாதிரி சாமான் சின்ன 12 வோல்ட் பேட்டரியத்தான் உறிஞ்சும், அது இறங்கினா பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாம நிக்கும்.

3. ஃபிட் பண்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டிய தாள்

முதல்ல சர்வீஸ் சென்டருக்கு ஒரு ஈமெயில். போன்ல கேக்காதீங்க, போன்ல "பண்ணிக்கோங்க சார் ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னவர் எட்டு மாசம் கழிச்சு அங்க வேலைலயே இருக்க மாட்டார். ஈமெயில்ல வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், போடப் போற சாமானோட பெயர், மாடல், எங்க கனெக்ட் ஆகுதுன்னு எழுதி "இதனால் வாரண்டியில் எந்தப் பகுதி பாதிக்கப்படும்?"னு கேளுங்க. "வாரண்டி போகுமா"ன்னு மொட்டையா கேட்டா "போகும்"னு மொட்டையா பதில் வரும், பாதுகாப்புக்கு அப்படித்தான் சொல்வாங்க. ஒரு வாரத்துல பதில் வரலன்னா ஞாபகப்படுத்தி இன்னொண்ணு போடுங்க. பதிலே வரலன்னாலும் நீங்க கேட்டீங்கங்கிற ரெக்கார்டு இருக்கு.

அடுத்தது, அதே சாமான் கம்பெனி அக்சசரியா கிடைக்குதான்னு பாருங்க. விலை கூடத்தான் இருக்கும், ஆனா டீலரே போட்டு பில்லுல ஏத்தினா பொதுவா அதுக்கும் வாரண்டி உண்டு, பின்னாடி வாக்குவாதமும் இல்ல. இதுல ஒரு பொறி: ஷோரூம்லயே போட்டுக் குடுத்தாலும் அது எப்பவும் கம்பெனி சாமான் கிடையாது, சில இடத்துல வெளி ஆள வரவச்சுப் போடுவாங்க. பில்லுல கம்பெனி பார்ட் நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அது வெளிச் சாமான்தான்.

4. ஃபிட் பண்ற அன்னிக்கு

கூடவே நில்லுங்க. டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்புவாங்க, போகாதீங்க. நான் போனேன்.

ஒயர வெட்டி முறுக்கி டேப் சுத்துறத ஒத்துக்காதீங்க. உங்க வண்டி மாடலுக்குன்னே கப்ளர் வச்ச அடாப்டர் ஒயர் பெரும்பாலும் கிடைக்கும், சொருகினா போதும், கழட்டினா பழையபடி ஆயிடும். எர்த் ஒயர கண்ட போல்ட்டுல மாட்டாம ஏற்கனவே எர்த் இருக்கிற இடத்துல மாட்டச் சொல்லுங்க, ஏர்பேக் ஒயர் (பொதுவா மஞ்சள் உறை) பக்கம் எதையும் கட்டக்கூடாது. பேனல் மூடுறதுக்கு முன்னாடி ஒயரிங்க போட்டோ எடுங்க, வேலைக்கு முன்னாடியும் எடுங்க, பின்னாடியும் எடுங்க, தேதியோட.

பில்லு கட்டாயம். சாமான் பேரு, சீரியல் நம்பர், ஃபிட்டிங் கூலி, அன்னிக்கு வண்டி ஓடின கிலோமீட்டர் நாலும் இருக்கணும். பில்லு இல்லாம கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தர்றோம்னு சொல்வாங்க, அந்தக் குறைச்சல்தான் எனக்குப் பின்னாடி பெரிய செலவா வந்துச்சு, ஏன்னா ஹாரன் எந்த மாசம் போட்டது, யாரு போட்டது, எந்த ஒயர்லேர்ந்து இழுத்ததுன்னு காட்ட என்கிட்ட ஒரு துண்டுத்தாள் கூட இல்ல. கழட்டின ஒரிஜினல் சாமான வீட்டுக்குக் கொண்டு வாங்க. "இதுக்கு ஏதாவது தர்றோம் விட்டுட்டுப் போங்க"ன்னு கேப்பாங்க, குடுத்துடாதீங்க, வாரண்டி முடியுற வரைக்கும் அது பரண் மேல கிடக்கட்டும்.

5. பழுது வந்தா முதல் 48 மணி நேரம்

பழுதோட ஓட்டாதீங்க. "வார்னிங் லைட் வந்த பிறகும் 600 கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க"ன்னு அதையே தனிக் காரணமா வச்சு மறுப்பாங்க. லைட்ட வீடியோ எடுங்க, அன்னிக்கே ஈமெயில்ல தெரியப்படுத்துங்க.

வெளிச் சாமான கழட்டிட்டுப் போகலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. கழட்டி மறைச்சா, ஒயர்ல வெட்டுத் தழும்பு இருக்கும், அதப் பாத்தா நீங்க பொய் சொல்றீங்கன்னு ஆயிடும், அதுக்கப்புறம் நியாயமான க்ளெய்மும் எடுபடாது. அப்படியே கொண்டு போய் நீங்களே முதல்ல சொல்லிடுங்க, "இது வெளிய போட்டது, இந்த இடத்துல கனெக்ட் ஆகுது, பழுது வந்திருக்கிறது வேற சர்க்யூட்"னு.

ஜாப் கார்டு, அதாவது வண்டிய விடும்போது சர்வீஸ் சென்டர்ல எழுதித் தர்ற தாள், இத ரொம்ப கவனமாப் படிங்க. கையெழுத்துப் போடுற இடத்துக்கு மேல "வெளி மாற்றம் காரணமாகப் பழுது" அப்படின்னு ஏற்கனவே எழுதியிருப்பாங்க, நீங்க அவசரத்துல கையெழுத்துப் போட்டா அது உங்க வாக்குமூலம். அந்த வரிய அடிக்கச் சொல்லுங்க, இல்லைன்னா பக்கத்துல "காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை"ன்னு உங்க கையால எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டு, அத போட்டோ எடுத்துக்குங்க.

6. செலவு யாரு தலையிலன்னு முன்னாடியே கேளுங்க

வாரண்டி க்ளெய்ம்ல யாரும் சொல்லாத செலவு கழட்டிப் பாக்குற கூலி. இன்ஜினயோ டாஷ்போர்டயோ பிரிச்சாத்தான் காரணம் தெரியும், பிரிச்ச பிறகு க்ளெய்ம் தள்ளுபடி ஆச்சுன்னா அந்தக் கூலி உங்களோடது, திரும்ப மாட்டுற கூலியும் சேத்து. அதுக்கு சம்மதம்னு முன்னாடியே எழுதி வாங்குவாங்க. எத்தனை மணி நேரக் கூலி, அதிகபட்சம் எவ்வளவு, அதுக்கு மேல போனா என்னைக் கேக்காம தொடரக்கூடாதுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

மத்த செலவு: வெளிச் சாமான கழட்டி ஒரிஜினல மாட்டுற கூலி (இத கம்பெனி எப்பவும் தராது), வண்டிய இழுத்துட்டு வந்த செலவு, வண்டி இல்லாத நாள்ல உங்க போக்குவரத்து, தனி ஆளு வச்சு ரிப்போர்ட் வாங்கினா அவர் ஃபீஸ். எல்லாத்துக்கும் பில் சேத்து வைங்க, பின்னாடி கேக்கும்போது பில்லு இருக்கிறதுதான் பேசும்.

7. மறுத்துட்டாங்கன்னா

கத்தாதீங்க, நான் கத்தினேன், ரெண்டு நாள் போனதுதான் மிச்சம். மூணு விஷயம் எழுத்துல கேளுங்க: எந்த பார்ட் பழுது, என்ன காரணத்தால பழுது, வாரண்டி புத்தகத்துல எந்தப் பிரிவுப்படி மறுக்குறீங்க. கூடவே ஸ்கேனர் ரிப்போர்ட்டோட காப்பி. பழைய பார்ட்ட தூக்கிப் போடாம வைக்கச் சொல்லியும் எழுதுங்க, அது போச்சுன்னா உங்க சாட்சியே போச்சு.

எனக்குத் திரும்பினது இங்கதான். எழுத்துல காரணம் கேட்டதும் அவங்களே மாட்யூல என் முன்னாடி கழட்ட ஒத்துக்கிட்டாங்க. மாட்யூல்ல மூணு கப்ளர். ஹாரன் ஒயர் வந்தது நடு கப்ளர், அது பளபளன்னு புதுசா இருந்துச்சு. ஓரக் கப்ளர உருவினா உள்ள பின்னுல பச்சைக் களிம்பு பூத்திருக்கு, விரல்ல தொட்டா பொடியா வருது. மேல டார்ச் அடிச்சுப் பாத்தா முன் கண்ணாடி ஓரத்துல சீல் சரியா ஒட்டாம தண்ணி கசிஞ்சு கோடு போட்ட மாதிரி தடம். கண்ணாடி கம்பெனில ஒட்டினது, நான் தொட்டதே இல்ல. அந்தப் போட்டோவ டீலர்கிட்ட குடுத்ததோட நிறுத்தாம கம்பெனியோட கஸ்டமர் கேருக்கும் நேரா அனுப்பினேன், ஏன்னா கடைசி முடிவு பல சமயம் டீலர் கையில இல்ல, கம்பெனி ஏரியா ஆளு கையிலதான். அவர் வந்து பாக்க ஒன்பது நாள் ஆச்சு.

அவங்களும் மறுத்தா, உங்க நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. அமெரிக்கால 1975ல வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இருக்கு, வெளிச் சாமான் போட்ட ஒரே காரணத்துக்காக வாரண்டி தர மாட்டேன்னு சொல்ல முடியாது, அதாலதான் கெட்டுச்சுன்னு கம்பெனி காட்டணும். இந்தியால 2014ல போட்டி ஆணையம் (வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற அரசு அமைப்பு, சிசிஐ) 14 கார் கம்பெனிங்க வழக்குல போட்ட உத்தரவுலயும், வெளிய ரிப்பேர் பாத்தா வாரண்டி மொத்தமா ரத்துன்னு போடக்கூடாது, அந்த வேலையால வந்த சேதம் அளவுக்குத்தான் மறுக்கலாம்னு சொல்லியிருக்கு (மேல்முறையீடெல்லாம் நடந்துச்சு, ஆனா வாதம் பண்ண உதவுற வரி). நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருந்தா பிரச்சனை வந்த நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். அதே இந்தியால மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது, அதனால அந்த மாதிரி மாற்றம் பண்ணிட்டு சட்டம் பேசப் போனா அது நம்மளயே திருப்பி அடிக்கும். ஐரோப்பால வெளி கராஜ்ல சர்வீஸ் பண்ணதுக்காக மட்டும் வாரண்டிய மறுக்க விடாத போட்டி விதி இருக்கு, அங்க இருக்கவங்க சர்வீஸ் பில்ல பத்திரமா வைங்க.

இன்ஷூரன்ஸ் தனிக் கதை. போட்ட சாமான அவங்ககிட்டயும் சொல்லிடுங்க, சொல்லாம விட்டா விபத்து அன்னிக்கு அவங்களும் இதே பாட்ட பாடுவாங்க.

என் கணக்கு கடைசில இப்படி முடிஞ்சுது: மாட்யூலும் கண்ணாடி சீலும் கம்பெனி செலவு. நான் வெட்ட விட்ட ஒயரிங் பகுதிய புதுசா மாத்தினது என் செலவு, அதுல எனக்கு வருத்தம் இல்ல, வெட்ட விட்டது நான்தானே. இப்ப வண்டில ஒரிஜினல் ஹாரன்தான் இருக்கு, சத்தம் கொஞ்சம் கம்மிதான். வெளி ஹாரன் வீட்டுல சும்மா கிடக்கு, அதோட பில்லு மட்டும் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.